36 கம்பிகளும் ஒரு தலைமுடியும்: ஒரு பட வெட்டின் நிகழ்வு ஆய்வு

அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் முகம் இல்லை, தலையைச் சுற்றி இருந்த வெள்ளை வளையம். கருநீலப் பின்னணியில், தலைக்குப் பின்னால் யாரோ ட்யூப்லைட்டை வளைத்து மாட்டியதுபோல. கொஞ்சம் கீழே பார்த்தால் சைக்கிளின் முன்சக்கரம் சக்கரமாகவே இல்லை. கம்பிகளுக்கு நடுவே பழைய படத்துப் புதர் அப்படியே அடைத்துக்கொண்டு, பச்சைத் தட்டு ஒன்றை முன்னால் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. கணினித் திரையில் இந்த இரண்டுமே எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

வேலை சின்னதுதான். ஒரு சைக்கிள் குழுவின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் என்று சைக்கிளோடு நிற்கும் பெண்ணின் புகைப்படம் ஒன்று கொடுத்தார்கள். காற்றில் முடி பறக்கிறது, மேலே வெளிறிய வானம், கீழே புதர். உருவத்தை மட்டும் எடுத்துக் கருநீல அட்டையில் வைத்து, மேலே வெள்ளையில் தலைப்பு. ஏ4 அளவு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), ஆக 2480×3508 பிக்சல். முதல் முறை இதை 40 நிமிடத்தில் முடித்தேன். மாதிரித் தாளைப் பார்த்த பிறகு இரண்டாம் முறை இரண்டு மாலைகள் பிடித்தன. நடுவில் எது மாறியது என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதி வைக்கிறேன். பயன்படுத்தியது கிம்ப் 2.10 என்ற படம் திருத்தும் மென்பொருள். ஃபோட்டோஷாப்போ கிரிதாவோ வைத்திருப்பவர்களுக்குப் பொத்தானின் பெயர் மாறும், சிக்கல் மாறாது.

வந்த கோப்பிலேயே கோளாறு

படம் எனக்கு வந்தது ஒரு மெசேஜ் செயலி வழியாக. 1600×1200 பிக்சல். அதில் சைக்கிள் முனைக்கு முனை சுமார் 750 பிக்சல். அட்டையில் அது 1900 பிக்சல் அகலத்துக்கு நிற்க வேண்டும், அச்சில் 16 சென்டிமீட்டர். இரண்டரை மடங்கு இழுத்தேன். இழுத்தால் மங்கும் என்று தெரியும்; ஷார்ப்பன் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு உறைக்காதது வேறு. இழுக்கும்போது உருவத்தோடு சேர்ந்து விளிம்பில் இருக்கும் அழுக்கும் அதே இரண்டரை மடங்கு பெரிதாகிறது. சின்னப் படத்தில் இரண்டு பிக்சலுக்கு இருந்த வெளிர் விளிம்பு அட்டையில் ஐந்து பிக்சல். 300 டிபிஐ-யில் அது 0.4 மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கிற தாளில், கருநீலத்தின் மேல், 0.4 மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு தாராளமாகத் தெரியும்.

அந்த இரண்டு பிக்சல் அழுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு ஜேபெக்கிலிருந்து. ஜேபெக் கோப்பு வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் சேமிக்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று நிறத்தை மட்டும் 2×2 பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்துக்கொள்வது வழக்கம். 4:2:0 என்று குறிப்பது இதைத்தான். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தைப் பிடிக்காது என்பதால் முழுப் படமாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. உருவத்தை வெட்டி வேறு நிறத்தின் மேல் வைத்தால்தான் குட்டு உடையும்: புதரின் பச்சை முழங்கையின் ஓரத்துக்குள் ஒன்றிரண்டு பிக்சல் கசிந்து கிடக்கும். எவ்வளவு துல்லியமாகக் கோடு போட்டு வெட்டினாலும் அந்தப் பச்சை கூடவே வரும், ஏனென்றால் அது கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாம் முறை தொடங்குவதற்கு முன் செய்த முதல் காரியம் தொலைபேசியை எடுத்ததுதான். "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்றேன். செயலி சுருக்காத ஒரிஜினல் வந்தது, 4000×3000. அதில் சைக்கிளின் அகலம் 1875 பிக்சல். எனக்குத் தேவை 1900! கிட்டத்தட்ட இழுக்கவே வேண்டியதில்லை. முதல் முறை நான் ஷார்ப்பனோடு மல்லுக்கட்டிய நேரத்தில் இந்த ஒரு அழைப்பைச் செய்திருந்தால் பாதித் தலைவலி வந்திருக்காது.

இந்த இடத்தில் டிபிஐ பற்றி ஒரு வார்த்தை. ஒரிஜினல் கோப்பு 72 டிபிஐ என்று காட்டியது, அதைப் பார்த்துக் குழுவில் ஒருவர் பதறிவிட்டார். அந்த 72 கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும்தான். படத்தை இன்னொரு படத்துக்குள் கொண்டுவரும்போது மென்பொருள் பிக்சல் எண்ணிக்கையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 1875 பிக்சல் உள்ளே வந்தால் 1875 பிக்சல்தான், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும்.

உள்ளே கொண்டுவருவது

முதல் முறை, படத்தைத் தனியாகத் திறந்து, வெட்டி, காப்பி எடுத்து அட்டைக் கோப்பில் பேஸ்ட் செய்தேன். கிம்ப் 2.10-இல் பேஸ்ட் செய்தது உடனே லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தனித் தாள்) ஆகிவிடாது, மிதக்கும் தேர்வாக நிற்கும். அதைப் புது லேயராக்க வேண்டும். நான் அவசரத்தில் நங்கூரச் சின்னத்தை அழுத்தினேன். உருவம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டது. அன்டூ. மறுபடி பேஸ்ட், இந்த முறை லேயர். பிறகு அளவு சரியில்லை என்று பெரிதாக்கி, கொஞ்சம் சிறிதாக்கி, சாய்த்து, மறுபடி பெரிதாக்கி என்று நான்கு முறை உருமாற்றினேன். ஒவ்வொரு முறையும் மென்பொருள் பழைய பிக்சல்களைக் கலந்து புதுப் பிக்சல்களை உண்டாக்குகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மசங்குகிறது. நான்காவது முறைக்குப் பிறகு கண் இமை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் பேஸ்ட் நேராகப் புது லேயராகவே வருகிறது. நங்கூரப் பிழை அங்கே நடக்காது, நான்கு முறை இழுக்கிற பிழை எங்கேயும் நடக்கும்.

இரண்டாம் முறை ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ். மொத்தப் படமும் பின்னணியோடு சேர்ந்து தனி லேயராக அட்டைக் கோப்புக்குள் வந்து உட்கார்ந்தது. வெட்டி எடுத்துவிட்டுக் கொண்டுவருவதை விட, கொண்டுவந்துவிட்டு மறைப்பது மேல் என்பது என் இப்போதைய கட்சி. வெட்டித் தூக்கிப் போட்ட வானம் திரும்பி வராது. மறைத்து வைத்த வானத்தை எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். அது எதற்கு உதவியது என்பது தலைமுடிப் பகுதியில் வரும்.

வந்த லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. இதை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை. கிம்ப்பில் தடித்த பெயர் என்றால் அந்த லேயருக்கு ஆல்ஃபா சானல் (எந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கணக்கு) இல்லை என்று பொருள். ஜேபெக் ஊடுருவலைச் சேமிக்காத வடிவம், ஆகவே அதிலிருந்து வரும் லேயருக்கு ஓட்டை விழத் தெரியாது. டிலீட் அழுத்தினால் ஓட்டைக்குப் பதிலாகப் பின்னணி நிறம், என் விஷயத்தில் வெள்ளை, பூசிக்கொள்ளும். லேயர் மெனுவில் ஆட் ஆல்ஃபா சானல் என்று ஒரு சொடுக்கு, முடிந்தது.

மந்திரக்கோல் செய்ததும் செய்யாததும்

முதல் முறையின் வெட்டு வேலை முழுவதும் ஃபஸி செலக்ட் கருவியால். ஃபோட்டோஷாப் பழகியவர்கள் மேஜிக் வாண்ட் என்பார்கள். ஒரு பிக்சலைச் சொடுக்கினால் அதோடு தொட்டுக்கொண்டிருக்கும், அதற்கு நெருக்கமான நிறமுள்ள பிக்சல்களை எல்லாம் பிடித்துக் கொடுக்கும். எவ்வளவு நெருக்கம் என்பதுதான் த்ரெஷோல்ட், 0 முதல் 255 வரை. 15 வைத்து வானத்தைச் சொடுக்கினேன். வலப்பக்கம் வெளிச்சம் கூடிய இடம் வெளியே நின்றுவிட்டது. 60 வைத்தேன், வானத்தோடு சேர்த்து அந்தப் பெண்ணின் வெள்ளைச் சட்டையின் தோளையும் தின்றுவிட்டது. 45-இல் சமரசம். மிச்சத்துக்கு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற அந்தப் புள்ளிக்கோடு தலையைச் சுற்றி அழகாக ஓடியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த எறும்புக் கோட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல். 1984-இல் ஆப்பிளின் மேகின்டாஷ் கணினியோடு வந்த மேக்பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில், அதை எழுதிய பில் அட்கின்சன் அந்தக் கோட்டைக் கொண்டுவந்தார். அந்தத் திரையில் கறுப்பும் வெள்ளையும்தான். ஒரு பிக்சல் ஒன்று தேர்வில் இருக்கும், அல்லது இருக்காது. கோடு சொன்னது முழு உண்மை. இன்றைய தேர்வு அப்படி இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் வெளியே, 255 என்றால் முழுக்க உள்ளே, நடுவில் இருப்பவை பாதியும் காலுமாக உள்ளே. மொத்தத்தில் தேர்வு என்பது படத்தின் அதே அளவுள்ள ஒரு சாம்பல் படம். எறும்புக் கோடோ அந்தச் சாம்பல் படத்தில் 50 சதவீதத்தைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் ஓடுகிறது. 49 சதவீதம் தேர்வான ஒரு முடிக்கற்றை கோட்டுக்கு வெளியே தெரியும், ஆனால் தேர்வில் இருக்கும். இந்த ஒரு விஷயம் தலைக்குள் இறங்க எனக்குப் பல வருடம் ஆனது. இறங்கியதாக நினைத்திருந்தேன், மாதிரித் தாள் இல்லை என்றது.

பார்க்க வழி இருக்கிறது. கிம்ப்பில் ஷிஃப்ட்டும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் குயிக் மாஸ்க். தேர்வுக்கு வெளியே உள்ளதெல்லாம் சிவப்புக் கண்ணாடி போட்டதுபோல மாறும், பாதி தேர்வானவை பாதிச் சிவப்பில். முதல் முறைத் தேர்வைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து இப்படிப் பார்த்தேன். தலைமுடி ஓரத்தில் சிவப்பின் சாயல் மாற்றமே இல்லை, கத்தியால் சீவியதுபோல நேராக நின்றது. பறந்த முடிகளில் பாதி அந்தச் சீவலில் போய்விட்டன. மிச்சம் இருந்தவை, இடையிடையே சிக்கிய வானத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தன.

ஒரே ஒரு பிக்சல்

வெள்ளை வளையத்தின் கணக்கை ஒரு பிக்சலை வைத்தே போட்டுவிடலாம். முடியின் வெளிச்சம் 30, வானத்தின் வெளிச்சம் 230 என்று வைத்துக்கொள்வோம். முடி பாதி, வானம் பாதி மறைக்கிற ஓரப் பிக்சலில் கேமரா பதிவு செய்வது 130. மந்திரக்கோல் இதை "உள்ளே" என்று முடிவு செய்தால், 130 அப்படியே 40 வெளிச்சமுள்ள கருநீலத்தின் மேல் வந்து உட்காரும். சுற்றிலும் இருட்டு, நடுவில் 130. இதுதான் ட்யூப்லைட்.

சரி, தேர்வை மென்மையாக்கி அந்தப் பிக்சலைப் பாதி மட்டும் எடுத்தால்? 130-இல் பாதி 65, 40-இல் பாதி 20, மொத்தம் 85. முன்பை விடப் பரவாயில்லை, ஆனாலும் வளையம் போகவில்லை. வர வேண்டியது 30-இல் பாதி 15, 40-இல் பாதி 20, ஆக 35. கிம்ப் கலக்கிற கணக்கு இதை விடக் கொஞ்சம் சிக்கலானது என்றாலும் கதை இதேதான். ஃபெதர் (தேர்வின் ஓரத்தை மென்மையாக்குவது) போட்டால் விளிம்பு சரியாகிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி உண்மை என்பதற்கு இந்த 85-க்கும் 35-க்கும் இடையிலான தூரமே சாட்சி. எவ்வளவு எடுப்பது என்பது ஒரு கேள்வி, எடுத்ததில் பழைய பின்னணி எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை ஆல்ஃபா. 1970-களின் பிற்பகுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்கள் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் கொண்டுவந்த யோசனை. அதை வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் கணக்கை 1984-இல் போர்ட்டரும் டஃப்பும் எழுதி வைத்தார்கள். இரண்டாம் கேள்விக்கு இன்றும் கையை நனைக்கத்தான் வேண்டும்.

இத்தனை பெரிய வளையத்தை நான் ஏன் திரையில் பார்க்கவில்லை? 3508 பிக்சல் உயரமுள்ள அட்டையைத் திரைக்குள் அடக்கி, 25 சதவீதத்தில் வைத்து வேலை செய்தேன். அந்த அளவில் 16 பிக்சல் கலந்து ஒன்றாகத் தெரியும். ஐந்து பிக்சல் அகல வளையம் ஒரு பிக்சலாகச் சுருங்கி, முடியின் மேல் விழுந்த வெயில் போல அழகாகவே இருந்தது. அதை ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு வேலையாக உடைத்தது

இரண்டாம் முறை உருவம் முழுவதையும் ஒரே கருவியால் பிடிக்கிற ஆசையை விட்டேன். ஒரே உருவத்தில் நான்கு வகை விளிம்பு இருந்தது: சைக்கிள் சட்டமும் உடலும், முடி, சக்கரக் கம்பி, தரையில் விழுந்த நிழல்.

விடுவதற்கு முன் ஒரு பந்தயம் கட்டிப் பார்த்தேன், ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு. உடலை என்னை விட நன்றாக எடுத்தது, முடியையும் ஓரளவு. சக்கரத்தைப் பார்த்தால் மறுபடி பச்சைத் தட்டு. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இந்த வகைக் கருவிகள் பல படத்தைச் சுருக்கித்தான் பார்க்கின்றன. 2020-இல் வந்து பரவலாகப் பயன்படும் யு2நெட் மாதிரி படத்தை 320×320-க்குச் சுருக்கி மாஸ்க்கை, அதாவது வெள்ளையில் காட்டிக் கறுப்பில் மறைக்கும் சாம்பல் படத்தைக் கணித்து, பிறகு அதைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. 4000 பிக்சல் அகலப் படம் 320 ஆனால் என் முன்சக்கரம் 60 பிக்சல், கம்பி ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. இல்லாததை அது எப்படித் தேர்வு செய்யும்?

சட்டத்துக்கும் உடலுக்கும் பாத் கருவி, புள்ளிகள் வைத்து வளைகோடு வரைவது. முதலில் இன்டெலிஜென்ட் சிசர்ஸை முயன்றேன். 1995-இல் மார்ட்டன்சனும் பேரட்டும் முன்வைத்த முறை, விளிம்பைத் தானே மோப்பம் பிடித்துக் கோடு போடும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பிரமாதம். இங்கே சட்டத்தின் விளிம்பை விட அதன் மேல் விழுந்த நிழலின் விளிம்பு தெளிவாக இருந்ததால் அடிக்கடி அங்கே தாவியது. பாத் தாவாது, நாம் வைத்த இடத்தில் நிற்கும். அதன் வளைவுகளுக்குப் பெயர் கொடுத்த பெசியே, ரெனோ நிறுவனத்தில் கார்க்கூட்டின் வளைவுகளுக்காக அந்த முறையை வளர்த்தவர். சைக்கிள் கைப்பிடி அதற்கு எம்மாத்திரம்? புள்ளிகளைக் குறைவாக வைத்தேன், குழாய் நேராகப் போகிற இடத்தில் இரு முனைக்கு இரண்டே இரண்டு. முக்கியமான ஒன்று: கோட்டை விளிம்பின் மேல் போடவில்லை, ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போட்டேன். கசிந்த பச்சை அந்த ஒரு பிக்சலோடு வெளியே போய்விடும். 1875 பிக்சல் சைக்கிளில் ஒரு பிக்சல் மெலிந்ததை யாரும் கேட்கப் போவதில்லை. பாத்தைத் தேர்வாக்கி, ஒரு பிக்சல் ஃபெதர் கொடுத்து, சானலாக, அதாவது தனிச் சாம்பல் படமாகச் சேமித்தேன்.

முடிக்குக் கோடே போடவில்லை. படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானல்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். வானம் நீலத்தில் வெளுப்பாக, கருமுடி நீலத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாக, பெரிய இடைவெளியோடு நின்றது. முடியின் சாம்பல் படம் ஏற்கெனவே படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! நீல சானலுக்கு ஒரு நகல் எடுத்து, வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியில் இரு முனைகளையும் நெருக்கினேன். வானம் முழு வெள்ளைக்கும் முடியின் உட்பகுதி முழுக் கறுப்புக்கும் போனது. நடுவில் ஒற்றை ஒற்றை முடிகள் சாம்பலாகவே மிஞ்சின. அந்தச் சாம்பலைத் தொடக்கூடாது, அதுதான் சரக்கு. நெருக்கும் கை கொஞ்சம் அதிகமானால் மெல்லிய முடிகள் ஒவ்வொன்றாக மறையும், எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. பிறகு நகலைத் தலைகீழாக்கி, முகம் இருந்த இடத்தைத் தூரிகையால் வெள்ளையாக நிரப்பினேன்.

இதே வித்தையை மெசேஜில் வந்த பழைய கோப்பிலும் செய்து பார்த்தேன், ஆர்வக்கோளாறு. லெவல்ஸை நெருக்கியதும் முடியைச் சுற்றிச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் எழுந்து வந்தன. ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. நீல சானல் அதில் அதிகம் அடிபடும். முடி எங்கே முடிகிறது, கட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. அந்தக் கோப்பை வைத்து எத்தனை மாலைகள் உட்கார்ந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

இரண்டு சானல்களையும் ஒரே தேர்வாக்கி, அதை லேயர் மாஸ்க்காக மாட்டினேன். வானமும் புதரும் மறைந்தன, அழியவில்லை. இப்போது அந்த 85-க்கும் 35-க்கும் உள்ள கணக்கைத் தீர்க்க வேண்டும். மாஸ்க் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதன் அடியில் இருக்கும் பிக்சலின் நிறத்தை நான் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆகவே முடியிலிருந்தே கருநிறத்தைத் தொட்டு எடுத்து, பெரிய மென்தூரிகையால், முடியின் ஓரத்திலும் அதைத் தாண்டி வானத்தின் மேலும் பூசினேன். அடியில் எல்லாம் கருமுடி நிறம். மேலே எது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மாஸ்க் முடிவு செய்கிறது. வளையம் என் கண்முன்னே அணைந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அரை நிமிடம் அதுதான். ஒரே ஆபத்து, லேயர் பலகையில் லேயரின் சின்னப் படத்தைச் சொடுக்காமல் மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கியிருந்தால் பூச்சு மாஸ்க்கின் மேல் விழும், தலை மறைந்துபோகும். ஒரு முறை மறைந்தது. பிறகு மறுபடி ஒரு முறை.

நிழலைப் பழைய படத்திலிருந்து எடுக்கவில்லை, புல்லின் மேல் விழுந்த நிழல் கருநீலத்துக்கு ஒத்துவராது. டயர் தொடும் இடத்தில் ஒரு கறுப்பு நீள்வட்டம், மங்கலாக்கி மல்ட்டிப்ளையில் (அடியில் உள்ளதை இருட்டாக்கும் கலப்பு முறை) வைத்தேன்.

கம்பிகள்

பின்சக்கரத்தின் பெரும்பகுதியைப் பக்கப்பை மறைத்திருந்தது, பிழைத்தேன். முன்சக்கரம் முழுதாக நின்றது. டயரோடு சேர்த்துச் சுமார் 680 மில்லிமீட்டர் விட்டம், கம்பியின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். மெசேஜில் வந்த படத்தில் சக்கரம் 300 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் 2.3 மில்லிமீட்டர், முழுக்க முழுக்கக் கம்பி மட்டுமே இருக்கும் பிக்சல் அந்தப் படத்தில் ஒன்றுகூட இருக்க முடியாது. எல்லாமே புதரோடு கலந்தவை. ஒரிஜினலில் சக்கரம் 750 பிக்சல், கம்பி இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். பின்னால் இலையும் இருட்டுமாகத் திட்டுத்திட்டான புதர், கம்பியோ ஓரிடத்தில் வெள்ளிப் பளபளப்பு, ஓரிடத்தில் கறுப்பு. எந்த சானலிலும் பிரியவில்லை.

தேர்வு செய்ய முடியாததை வரைந்துவிடு என்று முடிவெடுத்தேன். சிலர் இதை ஏமாற்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வளையமும் டயரும் அச்சும் நிஜம், நடுவில் முப்பது சொச்சம் கோடுகள் என் கைவேலை. நீள்வட்டத் தேர்வால் வளையத்தின் உட்பகுதியை மாஸ்க்கில் கறுப்பாக்கினேன், அச்சையும் ஃபோர்க்கையும் விட்டுவிட்டு. பிறகு புது லேயரில் கம்பிகள். சைக்கிள் கம்பிகள் நடுமையத்திலிருந்து நேராக ஓடுவதில்லை, அச்சின் ஓரத்திலிருந்து சாய்ந்து புறப்பட்டு ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். நான்கு கம்பி ஒரு கொத்து, அதே கொத்து சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும். ஒரு கொத்தைப் பாத் கருவியால் வரைந்து ஸ்ட்ரோக் கொடுத்தேன், அதாவது அதன் மேல் கோடு இழுத்தேன். மொத்தம் எத்தனை? அடிப்பகுதி புல்லில் மறைந்திருந்ததால் மேலிருந்து வலம் வரை ஒரு கால்வட்டத்தை எண்ணினேன், 9. நான்கால் பெருக்கினால் 36. ஒன்பது கொத்து, 40 டிகிரிக்கு ஒன்றாகச் சுழற்றி நகலெடுத்தேன். வரைந்தது முழு வட்டத்தில். படத்தில் சக்கரம் லேசாகத் திரும்பி நின்றதால் கடைசியில்தான் பக்கவாட்டில் அமுக்கி நீள்வட்டமாக்கினேன். முதலில் அமுக்கிவிட்டுப் பிறகு சுழற்றியிருந்தால் ஒவ்வொரு கொத்தும் ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் நசுங்கிய கூடை போல வந்திருக்கும்.

எல்லாவற்றையும் 100 சதவீதத்தில், தலையிலிருந்து டயர் வரை, திரை திரையாக நகர்த்திப் பார்த்தேன். முழங்கை ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மிச்சம், அதைத் துடைத்தேன். வெயில் வலப்பக்கத்திலிருந்து முகத்தில் விழுகிறது, அட்டையின் கருநீலத்தில் அந்த வெயிலுக்கு ஆதாரமே இல்லை. இது எந்தத் தேர்வுக் கருவியாலும் தீராது, அப்படியே விட்டேன். பாத், சானல், மாஸ்க் எல்லாவற்றோடும் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு அச்சுக்குப் பிடிஎஃப் அனுப்பினேன்.

இரண்டாவது மாதிரித் தாளில் வளையம் இல்லை, தட்டு இல்லை. குழுவில் எல்லோரும் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியாக அவர்களில் சக்கரம் கோர்க்கத் தெரிந்த ஒரு பையன் தாளை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணா, அந்த அக்கா சைக்கிள்ல முன்வீல் 32 ஸ்போக்தானே. இதுல நாலு கூட இருக்கே?"

ஒரிஜினலைத் திறந்து மறுபடி எண்ணினேன். கால்வட்டத்தின் தொடக்கத்தில் நின்ற கம்பியையும் முடிவில் நின்ற கம்பியையும் இரண்டையுமே அதே கால்வட்டத்தில் சேர்த்திருக்கிறேன். இருந்தது எட்டு. 40 டிகிரியை 45 ஆக்கி, எட்டுக் கொத்தாகச் சுழற்றி, மறுபடி அமுக்கி அனுப்பப் பத்து நிமிடம் ஆனது.